வீட்டு பிளக் போதும்!

எலெக்ட்ரிக் கார் வாங்க ஆசைதான், ஆனால் பக்கத்தில் சார்ஜிங் ஸ்டேஷன் இல்லையே என்று பலர் தயங்குகிறார்கள். தேவையில்லாத தயக்கம் என்பேன்.

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தயாரிக்கும் கிரெட்டா எலெக்ட்ரிக் (2025-ல் வந்தது) காரையே எடுத்துக்கொள்வோம். அதன் சிறிய பேட்டரி 42 யூனிட் பிடிக்கும். ஈ.பி. பில்லில் வரும் அதே யூனிட்தான். பேட்டரிக்கு டி.சி. மின்சாரம் வேண்டும், வீட்டில் வருவதோ ஏ.சி. உங்கள் கம்ப்யூட்டரில் எஸ்.எம்.பி.எஸ். செய்யும் மாற்றத்தைக் காருக்குள் இருக்கும் சார்ஜர் செய்கிறது. நெடுஞ்சாலை ஃபாஸ்ட் சார்ஜரில் இந்த வேலை வெளியிலேயே முடிந்துவிடுகிறது. அதனால்தான் 50 கிலோவாட்டில் 10 சதவீதத்திலிருந்து 80-ஐ ஒரு மணி நேரத்துக்குள் தொடுகிறது.

வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் சுமார் 3 கிலோவாட்தான் கிடைக்கும். முழுதாக நிரம்ப 14 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பயப்படாதீர்கள். தாம்பரத்திலிருந்து ஒரகடம் தொழிற்சாலைக்குத் தினமும் போய்வருபவருக்கு 8, 9 யூனிட் போதும். இரவில் 3 மணி நேரம். செல்போனைத் தூங்கும்போது சார்ஜில் போடுவதில்லையா?

11 கிலோவாட் வால்பாக்ஸுக்கு 3 பேஸ் இணைப்பு வேண்டும். அந்தப் பணத்தில் முதலில் நல்ல எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, தனி வயர், சரியான எர்த் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. மணிக்கணக்கில் ஓடும் 13 ஆம்பியரில் அது சூடேறி உருகிவிடும். அடுக்குமாடியில் இருந்தால், உங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை லைன் இழுக்க அசோசியேஷன் சம்மதிக்குமா என்று கார் புக் செய்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.