கரை தெரிகிறது, சேர முடியவில்லை

சுவீடன் படம் என்றதும் நம் நினைவுக்கு வருவது பெர்க்மன்: மரணத்தோடு சதுரங்கம் ஆடும் வீரன், இறுகிய முகங்களின் அண்மைக்காட்சிகள், பேச மறுக்கும் கடவுள். அந்நாட்டவர் சிரிக்கவும் செய்தார்கள் என்பதை நாம் ஏனோ கணக்கில் கொள்வதே இல்லை. துயரமே ஆழம், நகைச்சுவை பொழுதுபோக்கு என்கிற இந்தப் பழக்கத்தை நாம் கைவிட்டாக வேண்டும்.

1965 டிசம்பரில் வெளிவந்த 'அட் அன்யோரா என் பிரிகா' என்ற படத்தையே எடுத்துக்கொள்வோம். துறையில் படகை அணைப்பது என்பது தலைப்பின் பொருள். ஹான்ஸ் ஆல்ஃபிரெட்சனோடு சேர்ந்து எழுதி, தாகே டானியெல்சன் இயக்கினார். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. க்ரேஃபிஷ் என்னும் நன்னீர் இறாலை வேகவைத்து, மது அருந்திப் பாடிக் களிக்கும் கோடை இறுதி விருந்துக்காக நண்பர்கள் சிலர் பாய்மரப் படகில் ஒரு தீவுக்கு வருகிறார்கள். அழைத்தவர்கள் கரையில் காத்திருக்கிறார்கள். இடையே இருப்பது கொஞ்சம் தண்ணீர்தான். ஆனால் படகு துறையை அணைய மறுக்கிறது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்துகொண்டே மனிதர்கள் ஒருவரையொருவர் எட்ட முடியாமல் தவிப்பதைப் பெர்க்மன் எத்தனை படங்களில் சொன்னார்! இங்கே அதே தவிப்பு சிரிப்பாக மாறி வருகிறது, அவ்வளவுதான். இதைச் சுவீடனின் மக்கள்நல அரசு பற்றிய உருவகமாக வாசிக்க ஆசை எழலாம். வேண்டாம், படகு படகாகவே இருக்கட்டும்.

படகில் இருப்பவர்களுள் ஒருவர் லார்ஸ் எக்போர்க். பெர்க்மனின் 'மோனிகாவுடன் கோடை' (1953) படத்தில், வேலையை உதறிவிட்டுக் காதலியைத் தந்தையின் படகில் ஏற்றிக்கொண்டு தீவுகளுக்குப் போன அதே ஹாரிதான். அன்று எல்லாத் தீவும் அவனுக்குத் திறந்திருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, நடுத்தர வயதை நெருங்கும் அதே முகம் ஒரு மரத்துறையில் கால்வைக்க வழியின்றி நிற்கிறது. இரண்டையும் பார்த்தவருக்கு அந்தச் சிரிப்பு தொண்டையில் சற்று அடைக்கும்.

குறைகள் உண்டு. இவ்விருவரும் மேடை நகைச்சுவையிலிருந்து வந்தவர்கள். ஆகவே படம் துணுக்குகளின் கோவையாகவே நகர்கிறது, சில துணுக்குகள் நீர்த்தும் போகின்றன. அப்போதெல்லாம் படத்தைத் தாங்குவது ஜாஸ் பாடகி மோனிகா செட்டர்லுண்டின் முகமும், தலைப்புப் பாடலில் ஒலிக்கும் அவருடைய சோம்பலான குரலும்.

எக்போர்க் 1969இல் மறைந்தார். திரைப்படச் சங்க நண்பர்கள் அடுத்தமுறை 'மோனிகா'வைத் திரையிடும்போது, மறுநாள் மாலை இதையும் திரையிடட்டும்.