ரேடார் இருந்தும் போர்க்கப்பல்கள் மோதுவது ஏன்? நவீன கப்பலின் 'ஸ்டீயரிங்' எப்படி வேலை செய்கிறது?

கடலூர் முதுநகரிலோ சிதம்பரம் பக்கத்து முடசல்ஓடையிலோ விசைப்படகு ஓட்டும் டிரைவருக்கு, சுக்கான் திரும்பியதா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும். ஒரு போர்க்கப்பலில்? திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சிக்கல் இங்கேதான்.

2017 ஆகஸ்ட் 21, சிங்கப்பூர் அருகே விடியும் முன். அமெரிக்கப் போர்க்கப்பல் 'ஜான் எஸ். மெக்கெய்ன்', 'அல்னிக் எம்.சி.' என்ற எண்ணெய்க் கப்பலுடன் மோதியது. 10 மாலுமிகள் பலி. எதிரி தாக்குதல் இல்லை, எந்திரமும் கெடவில்லை. ஒரே மாலுமி திசையையும் வேகத்தையும் சேர்த்துக் கவனிக்கத் திணறியதால், வேகத்தை மட்டும் பக்கத்து மேசைக்கு மாற்றச் சொன்னார் கேப்டன். தொடுதிரையில் மாற்றும்போது திசைக் கட்டுப்பாடும் சேர்ந்தே போய்விட்டது. யாருக்கும் தெரியவில்லை! "சுக்கான் வேலை செய்யலை" என்றே நினைத்தார்கள். போதாக்குறைக்கு, இரண்டு புரொப்பல்லர்களில் இடது பக்கத்தது மட்டும் வேகம் குறைய, கப்பல் இடப்பக்கம் திரும்பி எண்ணெய்க் கப்பலின் பாதையில் போய் நின்றது. அந்தத் திரைக்குச் சரியான பயிற்சியே இல்லை என்பது விசாரணையில் தெரிந்தது. 2019-ல் அமெரிக்கக் கடற்படை, வேகத்துக்குத் தொடுதிரை வேண்டாம், பழைய கைப்பிடியே போதும் என்று முடிவெடுத்தது.

சரி, சுக்கான் எப்படித் திரும்புகிறது? மேல்தளத்தில் சின்னச் சக்கரமோ குமிழோ இருக்கும். அதன் மின் சமிக்ஞை பின்பகுதிக்குப் போய், ஹைட்ராலிக் எந்திரம் சுக்கானைத் திருப்பும். முழு வேகத்தில் போகும்போது ஒரு பக்கம் 35 டிகிரியிலிருந்து மறுபக்கம் 30 டிகிரிக்கு 28 விநாடிக்குள் திரும்ப வேண்டும் என்பது சர்வதேச விதி. சுக்கான் திரும்பிவிடும்; கப்பல் உடனே திரும்பாது. மேலே கோளாறு என்றால், பின்பகுதி அறையில் இருந்தே ஓட்டவும் வழி உண்டு.

நம் பக்கமும் நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரு சரக்குக் கப்பல்கள் மோதின. கரை ஒதுங்கிய எண்ணெயை வாளியால் அள்ளினார்களே, நினைவிருக்கிறதா? 2024 நவம்பர் 21-ல் கோவாவிலிருந்து சுமார் 70 கடல் மைல் தொலைவில், 'ஐ.என்.எஸ். கரஞ்ச்' நீர்மூழ்கியும் 'மார்தோமா' மீன்பிடிப் படகும் மோதின. படகில் இருந்த 13 பேரில் 11 பேர் மீட்கப்பட்டார்கள், இருவர் இறந்தார்கள்.

பெரிய சரக்குக் கப்பல்கள் ஏ.ஐ.எஸ். கருவியில் தங்கள் இடத்தை அறிவித்தபடியே போகும். போர்க்கப்பலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2017 விபத்துகளுக்குப் பிறகுதான், நெரிசலான கடலில் அதைப் போடச் சொன்னது அமெரிக்கக் கடற்படை. ஃபைபர் படகோ ரேடாரில் மங்கலாகத்தான் தெரியும். அலை அதிகமானால் அதுவும் மறையும். அதனால்தான் எந்தக் கருவி இருந்தாலும் கண்ணாலும் காதாலும் கவனிக்க ஆள் நிற்க வேண்டும் என்கிறது 1972 சர்வதேச மோதல் தடுப்பு விதி.

மத்திய அரசின் 364 கோடி ரூபாய் திட்டத்தில் 1 லட்சம் படகுகளுக்கு ட்ரான்ஸ்பாண்டர் தரப்படுகிறது. செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு பேச அது உதவும். எதிரே வரும் கப்பலுக்கு, ராத்திரியில் வலை போட்டு நிற்கும் படகின் விளக்குதான் இன்னும் முதல் அடையாளம்.