இழுப்பறையில் உறங்கும் மின்னேற்றிகள்

நுழையும்முன்

நாள்தோறும் புதிய கருவிகள் சந்தைக்கு வருகின்றன. அவற்றைப் பற்றிய செய்திகளும் நம் கண்முன் குவிகின்றன. அச்செய்திகள் அனைத்தையும் அப்படியே நம்பிவிடலாமா? அல்லது சற்று நின்று, சிரித்து, சிந்தித்து, நமக்கு வேண்டியதை மட்டும் தேர்ந்துகொள்ளலாமா? தில்லியில் வாழும் தமிழர் ஒருவரின் நகைச்சுவை கலந்த கருத்துகளைப் படித்தறிவோம்.

பதினொன்றும் ஒன்றும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மேசை உண்டு. அம்மேசையின் அடி இழுப்பறைக்கு என் மகள் ‘அருங்காட்சியகம்’ என்று பெயர் வைத்திருக்கிறாள். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதனைத் திறந்து பார்த்தோம். நாம் வீட்டில் ‘சார்ஜர்’ என்று அழைக்கும் மின்னேற்றிகள் 11 இருந்தன. அவற்றின் கம்பிகள் ஒன்றோடொன்று பின்னி, இடியாப்பம்போல் கிடந்தன. நான் வாங்கிய புதிய திறன்பேசியின் பெட்டியில் கம்பி மட்டும் இருந்தது, மின்னேற்றி இல்லை. “உங்கள் வீட்டில்தான் ஏற்கெனவே இருக்குமே!” என்று கடைக்காரர் புன்னகைத்தார். உண்மைதான், இருந்தது. ஆனால், அந்தக் கம்பியின் முனை 11 மின்னேற்றிகளுள் எதிலும் நுழையவில்லை. ஆகவே, பன்னிரண்டாவதை விலைகொடுத்து வாங்கினோம்.

அன்றுமுதல் தொழில்நுட்பச் செய்திகளை நான் சற்று ஐயத்தோடு படிக்கத் தொடங்கினேன். அந்த ஐயத்தில் பிறந்த கருத்துகளையே இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

செருகியின் கதை

கணினியோடு பிற கருவிகளை இணைக்கும் யூ.எஸ்.பி. செருகியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். 1996ஆம் ஆண்டு வெளிவந்த இத்தொழில்நுட்பத்தை உருவாக்கிய குழுவில் முதன்மையானவர் அஜய் பட். இவர் குசராத்தின் பரோடாவில் பயின்ற இந்தியர் என்பது நமக்குப் பெருமை. ஆயினும், அந்தச் செருகிக்கு ஒரு விந்தைக் குணம் உண்டு. முதன்முறை செருகினால் நுழையாது. திருப்பிச் செருகினாலும் நுழையாது. மீண்டும் முதலில் பிடித்தவாறே பிடித்துச் செருகினால் நுழைந்துவிடும்! இரு புறமும் நுழையும்படி அமைத்திருந்தால் கம்பிகளும் செலவும் கூடியிருக்கும் என்று அவரே பின்னாளில் விளக்கம் தந்தார்.

எப்படித் திருப்பினாலும் நுழையும் ‘டைப்-சி’ செருகி 2014ஆம் ஆண்டு வரையறுக்கப்பட்டது. அதன் பின்னரும் நிறுவனங்கள் தத்தமக்கென வெவ்வேறு செருகிகளை வைத்துக்கொண்டிருந்தன. இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றியது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்கப்படும் புதிய கைப்பேசிகளுக்கு ஒரே வகைச் செருகிதான் என்றாயிற்று. எங்கள் வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் ஒரே பானைச் சோறுதான் என்று என் தாயார் ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அதே செயலுக்கு 27 நாடுகள் கூடிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

எடுப்பதற்கும் துணிவு வேண்டும்!

புதிய கருவி என்றால் புதிதாக ஏதேனும் தருவார்கள் என்று நாம் எண்ணுகிறோம். சில வேளைகளில் இருப்பதை எடுத்துவிடுவதும் புதுமையாகிறது. 2016ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன் 7இல், கம்பியுள்ள செவிப்பொறியைச் செருகும் துளையை நீக்கியது. அதற்கான காரணமாக மேடையில் சொல்லப்பட்ட சொல் ‘துணிவு’ என்பதாகும். 2020ஆம் ஆண்டு அதே நிறுவனம், சுற்றுச்சூழல் நலன் கருதி, பெட்டியிலிருந்து மின்னேற்றியையும் நீக்கியது. பிற நிறுவனங்கள் சிலவும் இவ்வழியைப் பின்பற்றின. சுற்றுச்சூழலைக் காப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. இந்தத் துணிவு விலைச்சீட்டைச் சிறிதாக்குவதில் ஏன் வெளிப்படவில்லை என்பதே என் ஐயம்.

கம்பியில்லாச் செவிப்பொறியை நானும் வாங்கினேன். இராஜீவ் சௌக் மெட்ரோ நிலையத்தில், நடைமேடைக்கும் வண்டிக்கும் இடையிலுள்ள இடைவெளியில் அதில் ஒன்று விழுந்து மறைந்தது. எஞ்சிய ஒன்று இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கம்பி என்பது கன்றுக்குட்டியின் கழுத்துக் கயிறு போன்றது. அதன் அருமை, கன்று ஓடிய பின்னரே தெரியும்.

கையால் பிழிந்த உண்மை

அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டு ‘ஜூசெரோ’ என்னும் பழச்சாறு பிழியும் கருவி விற்பனைக்கு வந்தது. அதன் தொடக்க விலை 699 டாலர். நறுக்கிய பழங்களும் காய்களும் அடைத்த பைகளை நிறுவனமே விற்கும். பையைக் கருவிக்குள் வைத்தால், அது பிழிந்து சாறு தரும். கருவி இயங்குவதற்கு இணைய இணைப்பும் வேண்டும்! 2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் புளூம்பர்க் செய்தியாளர்கள் அப்பையைத் தங்கள் கைகளால் பிழிந்து பார்த்தனர். ஏறத்தாழ அதே அளவு சாறு வந்தது. அவ்வாண்டு செப்டம்பர் மாதத்திலேயே நிறுவனம் தன் விற்பனையை நிறுத்திவிட்டது. கையால் பிழிந்தால் சாறு வரும் என்னும் உண்மை, எலுமிச்சம்பழத்தை அறிந்த எவருக்கும் தெரியும். அதனைக் கண்டறிய இரண்டு செய்தியாளர்கள் தேவைப்பட்டதுதான் நாம் வாழும் காலத்தின் விந்தை.

செய்தியில் இடம்பெறாத கருவி

எல்லாக் கருவிகளும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. எங்கள் அடுக்களையின் மூலையில் ஒரு கிரைண்டர் நிற்கிறது. 1950களில் கோயம்புத்தூரில் உருவான மாவரைக்கும் இயந்திரத்தின் வழித்தோன்றல் அது. இன்று ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடு பெற்ற பொருளாகும். இவ்வியந்திரம் வருவதற்கு முன்பு, மறுநாள் இட்லிக்காக ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து, கை ஓயக் குழவியைச் சுற்றியவர்கள் நம் வீட்டுப் பெண்களே. அவர்களுடைய தோள்வலியைக் குறைத்து, பல மணி நேரத்தை மீட்டுத் தந்தது இக்கருவி. இதனை வெளியிட எவரும் மேடை ஏறி ‘துணிவு’ என்று முழங்கவில்லை.

என் பெற்றோர் வேலையின் பொருட்டுத் தில்லிக்கு வந்தபோது, இதனைத் தமிழ்நாடு விரைவுவண்டியில் கொண்டுவந்தனர். புது தில்லி நிலையத்தில் சுமைதூக்குபவர் அதனைத் தூக்க முயன்று, “உள்ளே என்ன, கல்லா இருக்கிறது?” என்று சினத்தோடு கேட்டாராம். “ஆம் ஐயா, கல்தான்” என்று என் தந்தையார் பணிவோடு விடையளித்தாராம். ஓய்வுபெற்றபின் பெற்றோர் கும்பகோணம் திரும்பினர். கிரைண்டர் எங்களோடு தங்கிவிட்டது. மூன்றுமுறை பெல்ட்டு மாற்றியிருக்கிறோம். அது இன்றும் உழைக்கிறது. தன்னைப் ‘புதுப்பித்துக்கொள்ள’ ஒருநாளும் அது நம்மிடம் அனுமதி கேட்டதில்லை.

பல்லும் பல்லியும்

சென்ற ஆண்டு என் தாயார் எங்களோடு தங்க வந்திருந்தார். கூடத்தில், சொன்னால் கேட்கும் ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. அவர் அதன் அருகே சென்று, “ஒரு பழைய பாட்டு வையேன், அம்மா” என்று அன்போடு கேட்டார். அது அன்றைய வெப்பநிலையை ஆங்கிலத்தில் அறிவித்தது. மீண்டும் கேட்டார், விழிப்பு மணி அடித்தது. “பாவம், இதற்குக் காது மந்தம்” என்று இரக்கப்பட்டு நகர்ந்துவிட்டார். பின்னர், பாட்டி தமிழில் சொல்ல, பேத்தி அதனை ஆங்கிலமாக்கிச் சொல்ல, பாட்டு ஒலித்தது. அறிவுள்ள கருவி என்று வாங்கினோம். அதற்கும் ஒரு மொழிபெயர்ப்பாளரை அமர்த்த வேண்டியதாயிற்று.

தாயார் ஊர் திரும்பியபின் நிகழ்ந்ததே என்னைச் சிந்திக்க வைத்தது. அவருக்குப் பல்வலி என்று அறிந்த என் மகள், நலம் கேட்டுக் கைப்பேசியில் செய்தி அனுப்பினாள். தமிழ்ச்சொற்களை ஆங்கில எழுத்துகளால் எழுதியிருந்தாள். தில்லியில் 30 ஆண்டுகள் வாழ்ந்தபோதும், என் தாயார் படிக்க அறிந்த எழுத்து தமிழ் ஒன்றே. அவர் அச்செய்தியை வங்கியிலிருந்து வந்த எச்சரிக்கை என்று எண்ணி, பக்கத்து வீட்டாரிடம் கொண்டு காட்டியிருக்கிறார். பேத்தியின் அன்பை அயலார் படித்துச் சொல்லக் கேட்டார் அவர். இதனை அறிந்தபோது எங்கள் வீட்டில் எவரும் சிரிக்கவில்லை.

அன்றே என் மகளின் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையை இயக்கினோம். தமிழ் எழுத்துகள் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே ஒருங்குறியில் இடம்பெற்றவை. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டி வகுக்கப்பட்டது ‘தமிழ்99’ விசைப்பலகை. அதில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்யெழுத்துகள் வலப்புறமும் அமைந்திருக்கும். பலர் உழைத்து அமைத்த அவ்வழி, பல ஆண்டுகளாக நம் கைக்கெட்டும் தொலைவில் காத்திருந்தது. அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை.

மகள் எழுத்தெழுத்தாகத் தட்டினாள். ‘பல்’ என்று தட்டியதும் கைப்பேசி தானே ஒரு சொல்லைப் பரிந்துரைத்தது. அவள் அவசரத்தில் அதனைத் தொட்டுவிட்டாள். “பாட்டி, உங்கள் பல்லி எப்படி இருக்கிறது?” என்று செய்தி சென்றது. சிறிது நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. “பல்லி சுவரில் நலமாக இருக்கிறது, கண்ணு. இப்போதுதான் ஒரு பூச்சியைப் பிடித்தது. எனக்குத்தான் பல் வலிக்கிறது” என்றார் பாட்டி. பிழைதான், ஆனால், அயலார் உதவியின்றி அவரே படித்த செய்தி அது. நான் இதுவரை கண்ட தொழில்நுட்பப் புதுமைகளுள் அதுவே தலைசிறந்தது என்பது என் கருத்து.

பழுதும் பழுதுநீக்கமும்

புதிய திறன்பேசியை வாங்கியபோது, நான்காண்டுகள் உழைத்த என் பழைய திறன்பேசியை மகளுக்குத் தர எண்ணினேன். அதன் மின்கலம் தளர்ந்திருந்தது. விற்பனை நிலையத்தில், “இதற்குச் செலவிடுவதைவிட இன்னொரு புதியதே வாங்கிவிடலாம்” என்றனர். நேரு பிளேசில் ஒரு சிறு கடையில் அரைமணி நேரத்தில் மின்கலத்தை மாற்றித் தந்தனர். பல்லியின் நலம் கேட்ட கைப்பேசி அதுதான்!

நாம் எறியும் கருவிகள் மறைந்துவிடுவதில்லை. தில்லியின் சீலம்பூர்ப் பகுதியில், பழைய கணினிகளையும் கைப்பேசிகளையும் வெறுங்கையால் பிரித்துப் பிழைப்போர் பலர் உள்ளனர். கம்பியை எரித்துச் செம்பு எடுக்கும்போது எழும் நச்சுப்புகையை அவர்களே சுவாசிக்கிறார்கள். மின்னணுக் கழிவு தொடர்பான புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. பழுதுநீக்கும் உரிமை குறித்து ஆராய நடுவண் அரசு 2022ஆம் ஆண்டு ஒரு குழுவை அமைத்தது. இவை நல்ல தொடக்கங்கள். எனினும், நம் இழுப்பறையில் சட்டம் நுழைந்து பார்ப்பதில்லை. நாம்தான் பார்க்க வேண்டும்.

மூன்று வினாக்கள்

நான் தொழில்நுட்பத்தின் பகைவன் அல்லேன். 1995 ஜூலை 31 அன்று, கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, தில்லியிலிருந்த நடுவண் அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு. அக்காலத்தில் நமக்கு வரும் அழைப்பை ஏற்றாலும் கட்டணம் உண்டு. 2003ஆம் ஆண்டுவரை அந்நிலை நீடித்தது. இன்றோ, கும்பகோணத்துத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியின் முகத்தைத் தில்லியிலிருந்தே காண்கிறோம். இந்நன்மையை மறுப்பவன் நன்றி மறந்தவன் ஆவான்.

ஆகவே, மாணவர்களே! “உலகையே மாற்றும் கருவி” என்னும் செய்தியைப் படிக்கும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். இது யாருடைய உழைப்பைக் குறைக்கிறது? பழுதானால் சரிசெய்ய முடியுமா? என் வீட்டிலுள்ள அனைவருக்கும், பாட்டிக்கும் சேர்த்து, இது பயன்படுமா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால் மகிழ்ச்சியோடு வாங்குங்கள். கிடைக்காவிட்டால், முதலில் வீட்டு இழுப்பறையைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.

சொல்லும் பொருளும்

ஐயம் – சந்தேகம்
செவிப்பொறி – காதில் பொருத்திக் கேட்கும் கருவி
வழித்தோன்றல் – மரபில் வந்தது
குழவி – ஆட்டுக்கல்லில் சுற்றி அரைக்கும் கல்
அயலார் – பிறர், அண்டை வீட்டார்
ஒருங்குறி – எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீட்டு முறை

பயிற்சி

1. பன்னிரண்டாவது மின்னேற்றியை வாங்க நேர்ந்தது ஏன்?
2. ஜூசெரோ கருவியையும் கிரைண்டரையும் ஆசிரியர் எவ்வாறு ஒப்பிடுகிறார்?
3. பேத்தி அனுப்பிய முதற்செய்தியைப் பாட்டியால் படிக்க இயலாமைக்குக் காரணம் யாது?
4. ‘பல் – பல்லி’ போல, ஓரெழுத்துக் கூடினால் பொருள் மாறும் சொற்கள் மூன்றினை எழுதுக.
5. உங்கள் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ தமிழ் எழுத்தில் ஐந்து வரிச் செய்தி ஒன்று எழுதி அனுப்புக. அவர் தந்த மறுமொழியை வகுப்பில் பகிர்க.