கலாயோகியின் கைச்சுத்தியல்

அம்பாறை மாவட்டக் கரையோரத்திலே கல்முனை என்றோர் ஊர் உண்டு. அதன் மேற்புறத்து வயல்வெளிகளை அடுத்துச் சொறிக்கல்முனை என்றோர் ஊர் உண்டு. இரண்டின் பெயரிலும் கல் இருக்கிறது. அக்கல் எத்தகையது என்று அவ்வூர்களிலிருந்து பல்கலைக்கழகம் வந்த கலைப்பீட மாணவரைக் கேட்டால், ‘அது விஞ்ஞான பீடத்தார் பாடம்’ என்பதே விடையாக வரும். காலடி மண்ணைப் பிறர் பாடமென ஒதுக்கும் இம்மனப்பான்மையே, தமிழுலகம் போற்றும் ஒரு பேரறிஞரைப் பாதியாக அறுத்து, ஒரு பாதியை மட்டும் மேடையில் ஏற்றியிருக்கிறது. அவர் ஆனந்த குமாரசுவாமி ஆவார்.

‘கலாயோகி’ என்னும் பட்டமும் ‘சிவ நடனம்’ என்னும் நூலின் பெயரும் அறியாத தமிழ் மாணவர் அரியர். ஆனால், அவர் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளர் என்பது நினைவுச் சொற்பொழிவுகளிலே ஒரு வரியோடு கடந்து செல்லப்படுகிறது. ஞானம் பெறுமுன் செய்த ஏதோ உத்தியோகம் என்பது போன்ற தொனியும் அவ்வரியிலே தொனிக்கிறது. இது மறதியன்று, திரிபு.

சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் எலிசபெத் பீபி என்னும் ஆங்கில மாதுக்கும் 1877இல் கொழும்பிலே பிறந்து, இரண்டு வயதிலேயே தந்தையை இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்தவர் அவர். இலண்டன் யுனிவேர்சிற்றிக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று 1900இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு, இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றிய அவரது கட்டுரை இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் இதழிலே வெளியாயிற்று. 1903இல் பிறையர் என்பாருடன் சேர்ந்து அவர் விவரித்த புதிய கனிப்பொருளுக்குச் ‘செரந்திபைற்று’ எனப் பெயரிடப்பட்டது. அரபு வணிகர் இந்நாட்டுக்கு வழங்கிய ‘செரந்தீப்’ என்னும் பெயரே அது. கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்களில் அப்பெயரை அறிந்தோர் பலர். அது ஒரு கல்லுக்கும் பெயரானதை அறிந்தோர் எத்தனை பேர்?

அதனினும் பெரியது தோரியனைற்றின் கதை. பலாங்கொடைப் பகுதியிலே இரத்தினக்கல் தேடுவோர் பரல்மண்ணைக் கூடையிலிட்டு அரிக்கும்போது, பாரமான கரிய சிறு கற்கள் அடியிலே தங்குவதுண்டு. 1904இல் குமாரசுவாமி அவற்றை ஆராய்ந்து யுரேனினைற்று என விவரித்தார். இலண்டனில் டன்ஸ்ரன் நடத்திய பகுப்பாய்வு, அவை தோரியம் ஒட்சைட்டு நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் கொண்ட முற்றிலும் புதிய கனிப்பொருள் என நிறுவியது. குமாரசுவாமியின் முதல் முடிபு பிழைத்தது. ஆயினும் அக்கல்லை உலகின் கண்முன் வைத்தது அவர் கையே. 1905இல், அவர் பயின்ற அதே கல்லூரியின் ஆய்வுகூடத்தில், ஓட்டோ ஹான் என்னும் இளைஞர் இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெற்ற பொருளை ஆராய்ந்து ‘றேடியோதோரியம்’ என்பதைக் கண்டுபிடித்தார். பின்னர் 1938இல் யுரேனிய அணுக்கருப் பிளவைக் கண்டறிந்தவரும் அதே ஹான் தாம். அணுயுகத்தின் தொடக்க ஏடுகளிலே இலங்கை ஆற்றுப்பரலுக்கு இடமுண்டு என்பதைத் தமிழ்ப் பாடநூல்கள் எடுத்துரைப்பதில்லை.

‘அவரே அத்துறையைக் கைவிட்டுக் கலைக்கு வந்தாரன்றோ? அவர் விட்டதை நாம் ஏன் சுமக்கவேண்டும்?’ என்பர் சிலர். அவர் கலைக்கு வந்த வழியை நோக்காதோர் கூற்று இது. கனிப்பொருள் தேடி அவர் மேற்கொண்ட பயணங்களே அவரைக் கிராமத்துக் கம்மியர் முன் கொண்டு நிறுத்தின. நலிந்துகொண்டிருந்த உருக்குத் தொழிலை அவர் பதிவுசெய்தார். களிமண் மூசையில் இரும்பையும் விறகையும் இட்டு மூடி, துருத்தி ஊதி உருக்கெடுக்கும் முறையை, அதனை அறிந்திருந்த முதியோரைக் கொண்டே செய்யவைத்து எழுதினார். 1906இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் வழங்கியது; 1908இல் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ வெளிவந்தது. இரண்டுக்கும் இடையே இருப்பது இரண்டே ஆண்டுகள். உலோகத்தின் இயல்பு அறிந்த கண்ணே உலோகத் தொழிலாளியின் பெருமையையும் கண்டது. அவர் பதிவின் பெறுமதி வீண்போகவில்லை. பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றின் விசையாலேயே இயங்கிய பழைய இரும்புலைகளை அகழ்ந்தாராய்ந்த ஜில் ஜூலெவ், 1996இல் தம் முடிபுகளை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். துருத்தியின்றிக் காற்றால் உலை எரித்த மக்களின் அறிவைக் ‘கைத்தொழில்’ என்று தாழ்த்தி, ஏட்டை மட்டும் ‘கல்வி’ என உயர்த்துவோர் குமாரசுவாமியின் பெயரைச் சொல்லத் தகுதியற்றோர்.

இன்னொரு வாதம் வலிமை வாய்ந்தது. அந்த ஆய்வுப் பகுதி குடியேற்ற அரசின் கருவி. வாயுவிளக்கு வலைக்குத் தோரியம் தேடிய மேலைநாட்டு முதலாளிகளுக்கே அது பயன்பட்டது என்பது அவ்வாதம். உண்மையே. ஆயின் அவ்வுண்மை துறையைப் புறக்கணிக்கக் காரணமாகாது, கற்பதற்கே காரணமாகும். அரச ஊழியராக நாட்டின் உள்ளூர்களைக் கண்டவரே 1905இல் கண்டியத் தலைவர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, மரபுக் கட்டடக்கலையின் அழிவைச் சாடினார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவராகி, மேனாட்டு மோகத்தை எதிர்த்தார். மண்ணிலிருந்து எடுப்பது எது, எடுப்பவர் யார், எஞ்சுவது யாருக்கு என்ற வினாக்களை, மண்ணை அறியாதவர் கேட்டல் இயலாது.

அவ்வினாக்கள் பழங்கதையல்ல. கிழக்குக் கரையின் புல்மோட்டையிலே கனிய மணல் பல பதிற்றாண்டுகளாக அகழப்பட்டு, பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறிச் சென்றுள்ளது. அம்பாறைக் கரையின் திருக்கோயிலிலும் இல்மனைற்று அகழ்வுக்கு எதிராக ஊர்மக்கள் அண்மைய ஆண்டுகளில் வீதிக்கு இறங்கினர். மீனவரும் விவசாயியும் கடலரிப்புக்கு அஞ்சிக் குரலெழுப்பியபோது, சுற்றாடல் அறிக்கையைத் தமிழிலே விளக்கி, அதன் சரிபிழையை எடுத்துக்காட்ட வல்ல பட்டதாரிகள் எத்தனை பேர் அவர்களருகே நின்றனர்? கவிதை பாட வல்லோர் பலர் இருந்தனர். கவிதை வேண்டியதே. ஆனால் அகழ்வோனிடம் அளவைப் படமும் பகுப்பாய்வும் இருக்கையில், எதிர்ப்போனிடம் உணர்ச்சி மட்டும் இருந்தால் வெற்றி யாருக்கு என்பது வெளிப்படை.

உயர்தர வகுப்பின் வாயிலிலேயே மாணவரைக் கலை என்றும் விஞ்ஞானம் என்றும் பிரித்து, பின் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே பட்டம் கொடுக்கும் கல்விமுறை இப்பலவீனத்தின் ஊற்று. அதனை ஒரு நாளில் மாற்றுதல் அரிது. ஆயினும் தமிழ்ச் சங்கங்கள் தம்மளவில் செய்யக்கூடியவை உள. குமாரசுவாமி நினைவு நாளில் கலைச் சொற்பொழிவோடு கனிப்பொருட் சொற்பொழிவும் நிகழட்டும். புவிச்சரிதவியற் கட்டுரைகளுக்கும் சங்க மலர்கள் இடமளிக்கட்டும். ஊர்ப்பெயராய்வு செய்யும் மாணவர் சொல்லின் வேரோடு மண்ணின் படையையும் தோண்டிப் பார்க்கட்டும்.

1947இல் அமெரிக்காவிலே மறைந்த அப்பெரியாருக்குச் சிலைகளும் மாலைகளும் போதிய அளவு உண்டு. அவர் கையிலிருந்து பிடுங்கப்பட்ட சுத்தியலைத் திருப்பிக் கொடுப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை. அன்றுதான் சொறிக்கல்முனையின் மாணவர் தம் ஊர்ப்பெயரின் முற்பாதியையும் பொருளுணர்ந்து உச்சரிப்பர்.