ஒரு வகுப்பறையைத் திறந்துவிடுங்கள்

நாற்பது வயதுக்கு மேல் ஒருவர் வாத்தியம் கற்க ஆசைப்பட்டால், "இனிமேல் எதற்கு?" என்று கேட்கிறோம். பரீட்சையும் அரங்கேற்றமும் இல்லாத இசையை நம் ஊரில் எவரும் கணக்கில் எடுப்பதில்லை. மேடையில் பாடு, இல்லையேல் கீழே உட்கார்ந்து கேள். இரண்டுக்கும் நடுவே, சேர்ந்து பாடி மகிழ ஓர் இடம் வேண்டும் என்றுதான் திருச்சியில் எங்கள் உகுலேலே குழுவைத் தொடங்கினோம்.

ஞாயிறு காலை, வெயில் ஏறுவதற்குள், குடியிருப்பின் மொட்டை மாடியில் கூடுகிறோம். தையல்கடை அக்கா, ரயில்வேயில் ஓய்வுபெற்ற டிரைவர் சார், கல்லூரிப் பிள்ளைகள் சிலர். உகுலேலேக்கு நான்கே தந்திகள், அவையும் நைலான். கிட்டாரின் கம்பியைப் போல விரல் நுனியை அறுக்காது. ஏ தந்தியில் மூன்றாம் கட்டத்தை ஒரு விரலால் அழுத்தினால் சி மேஜர் கார்டு வந்துவிடும். வாழ்நாளில் வாத்தியத்தையே தொடாதவர் முதல் நாளே அதை மீட்டி, தானே எழுப்பிய நாதத்தைக் கேட்டு நிமிர்வார். அந்த முகத்துக்காகவே இன்னும் நூறு குழுக்கள் தொடங்கலாம்.

சி என்பது நம் கணக்கில் ஒரு கட்டை. டிரைவர் சாருக்கு அது வாகு. அக்காவுக்கோ ஐந்து கட்டை; ஜி-க்கு மாற வேண்டும், அந்தக் கார்டுக்கு மூன்று விரல் வேண்டும். முதலில் தடுமாறியவர்கள் இப்போது அவர் குரல் எடுத்ததுமே மாறிவிடுகிறார்கள். அடுத்தவர் சுருதிக்கு நம் விரல் இறங்கிக் கொடுப்பதில் உள்ள சுகம் தனியாக வாசிக்கும்போது கிடைப்பதில்லை. கமகம் இதில் சரியாக வராது என்பது உண்மை. ராகத்தை இழைக்க வீணை இருக்கிறது, வயலின் இருக்கிறது.

இது உழைப்பாளிகளின் வாத்தியம். 1879-இல் மதீரா தீவிலிருந்து ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிவந்த கப்பலில்தான் இதன் மூதாதையான சிறு போர்த்துகீசிய வாத்தியமும் வந்தது. உடன்வந்த நூனெஸ், டயஸ், எஸ்பிரிட்டு சாண்டோ என்ற மூன்று தச்சர்கள் ஹொனலுலுவில் அதை உகுலேலேயாக வளர்த்தார்கள். கரும்புக்காக 1860-இல் மதராஸிலிருந்து நேட்டாலுக்குக் கப்பலேறியவர்களின் நினைவு எனக்கு வராமல் இருப்பதில்லை.

கனடாவின் ஹாலிஃபாக்ஸில் 1960-களில் சால்மர்ஸ் டோன் என்ற ஆசிரியர் இதைப் பள்ளி வகுப்பறைக்குள் கொண்டுபோனார். நம் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். புல்லாங்குழல் ஊதும் பிள்ளையால் கூடவே பாட முடியாது. இதில் வாய்க்குத் தடையில்லை.

மழைக்காலத்தில் எங்கள் மாடி உதவாது. ஞாயிறன்று பூட்டிக் கிடக்கும் மாநகராட்சிப் பள்ளிகளில் ஒரு வகுப்பறையைக் காலையில் இரண்டு மணி நேரம் திறந்துவிட்டால் போதும். வாடகை கேட்டாலும் பகிர்ந்து கொடுப்போம். அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் சொல்லித்தர டிரைவர் சார் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறார்.