கடைப்பலகை எழுத்துக்கு ஓர் எழுத்துரு

கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் இன்று காணும் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் பெரும்பாலானவை கணினியில் அடுக்கி அச்சிட்டவை. நகைக்கடை, பூக்கடை, உணவகம் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே முகம். அதே பலகையின் ரோமன் எழுத்துக்கு நிழல், சுருள் வால், பொன் விளிம்பு என்று பழங்காலத் தோரணைகள் கிடைக்கின்றன. தமிழோ பாடநூல் எழுத்தை இழுத்துப் பெரிதாக்கியதுபோல் நிற்கிறது. கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. அச்சகத்தின் கணினியில் இருப்பதைத்தானே அவர் தேர்ந்தெடுக்க முடியும்? தூரிகையால் எழுதிய நம் பழைய பலகைகளிலிருந்தே தமிழ் அலங்கார எழுத்துருக்கள் பிறக்க வேண்டும். அந்தப் பலகைகள் முற்றாக மறையுமுன் பிறக்க வேண்டும்.

திறமைக்குப் பஞ்சமில்லை. ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்ற இணைமதியை வடிவமைத்தவர் நம் நாட்டு முத்து நெடுமாறன். இலங்கையின் தாரிக் அஸீஸ் 'கவிவனார்' என்ற கையெழுத்துப் பாணி எழுத்துருவைத் தந்திருக்கிறார். இந்தியாவின் 'ஏக் டைப்' குழு 'பலூ தம்பி'யைத் தந்தது. அது பல இந்திய மொழிகளுக்காக எழுந்த குடும்பத்தின் தமிழ்க்கிளை. ஆனாலும் இத்துறையில் தமிழ் பின்தங்குவதற்கு ஒரு காரணம் வேலையின் அளவு. ரோமன் அலங்கார எழுத்துரு ஒன்று 26 பெரிய எழுத்துகளோடும் 10 எண்களோடும் வெளிவந்துவிடலாம். தமிழில் உகர, ஊகார வரிசைகளுக்கு மட்டுமே 36 உருவங்கள் வரைந்தாக வேண்டும். 'ணூ'வின் சுழிகள் அடைபடாமல் நிழல் விழ இடம் விடுவது எளிதல்ல. பலகை ஓவியர்கள் ஒவ்வொரு முறையும் கையாலேயே இதைத் தீர்த்தார்கள். அந்தத் தீர்வுகள் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை, பலகைகளில்தான் இருக்கின்றன.

'லை'யைப் பாருங்கள். சேலை, மாலை, வெற்றிலை, விலை: நம் வணிகத்தில் இந்த எழுத்து இல்லாத கடை குறைவு. 1978-இல் தமிழ்நாட்டு அரசு 13 எழுத்துகளைச் சீர்திருத்தும்வரை, 'ல'வின் தலையிலேயே துதிக்கை வளைந்து ஒட்டியிருந்தது. இப்போது இணைக்கொம்பு தனியாக முன்னால் நிற்கிறது. எழுத்தின் அகலம் கூடிவிட்டது. இது அழகுக் கணக்கு மட்டுமல்ல. இங்கே ஊராட்சி மன்ற விதிகளின்படி பலகையில் தேசிய மொழிக்கே முதன்மை. தமிழுக்குக் கிடைப்பது குறுகலான ஒரு வரி. அந்த வரியில் தெளிவாகவும் கம்பீரமாகவும் நிற்க, ஒட்டிய 'லை' இன்றைய 'லை'யைவிட உதவும்.

பழைய வடிவம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைக் குழப்பும் என்று ஆசிரியர்கள் கவலைப்படலாம். நியாயமான கவலைதான். ஆனால் யூனிகோடில் இரண்டு 'லை'க்கும் ஒரே குறியீடுதான். வேறுபாடு எழுத்துருவுக்குள்ளேயே அடங்கும். இன்றைய வடிவத்தை இயல்பாகவும் பழையதை விருப்பத் தேர்வாகவும் வைத்தால் போதும். பாடநூலுக்கு இதை யாரும் கேட்கவில்லை. வாசகர்களே குறையும்போது அலங்காரம் எதற்கு என்ற கேள்வி இதைவிடக் கடினமானது. புத்தகத்தைத் திறக்காத தமிழரும் பலகையைப் பார்க்கிறார்; பலருக்கு அன்றாடம் கண்ணில் படும் தமிழ் அது மட்டுமே. அதைச் சோர்ந்த முகத்தோடு விட்டுவிட்டு இலக்கியத்தை மட்டும் காப்பாற்றிவிடலாம் என்று நாங்கள் நம்பவில்லை.

ஓவியர்களின் உரிமையும் முக்கியம். இந்தியாவில் மறைந்த ஹனீப் குரேஷி தெரு ஓவியர்களின் எழுத்தை எழுத்துருவாக்கியபோது அந்தந்த ஓவியரின் பெயரையே சூட்டினார். இங்கும் அதுவே முறை. பெயரும் வருமானத்தில் பங்கும் இல்லாமல் எடுப்பது திருட்டு.

உங்கள் ஊரில் கையால் எழுதிய தமிழ்ப் பலகை இருந்தால், உரிமையாளரிடம் கேட்டு நேர் எதிரே நின்று படமெடுங்கள். எழுதியவர் யார், எந்த ஆண்டு என்று விசாரித்துக் குறித்து வையுங்கள். கடை கைமாறினால், பலகையைப் பழைய இரும்புக்குப் போடாமல் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள்.