தூர்க்கப்படும் தறிக்குழிகள்

தாமல் பக்கம் நெசவாளர் வீடுகளில் ஒரு மோகம் பரவிவருகிறது. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் தறிக்குழியைத் தூர்த்து, அதன்மேல் வழவழவென்று டைல்ஸ் பதிக்கிறார்கள். மேலே ஓடு ஒழுகுகிறது; நிமிர்ந்து பார்ப்பார் இல்லை.

குழித்தறி என்ன, வெறும் பள்ளமா? நெய்பவர் காலை இறக்கி மிதிபலகை மிதிக்குமிடம் அது; மண்ணின் ஈரம் இழை அறாமல் காக்கும். அதை மூடிவிட்டு வரவேற்பறை என்கிறோம்!

அரசாவது நினைத்ததா? 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டின் அளவு 360 சதுர அடி. தறியை எங்கே நிறுத்துவது?

சிக்கனம் பேசுவோர் லாரி பேக்கரை (1917-2007) அறிந்துகொள்ளட்டும். பூசாத செங்கல் சுவரே அழகென்று கேரளத்தில் கட்டிக்காட்டியவர். என்னைக் கேட்டால், முதற்செலவு உளுத்த ரீப்பருக்கும் உடைந்த ஓட்டுக்கும். அடுத்து, தறிக்கு நேர்மேலே இரண்டு கண்ணாடி ஓடுகள். பகலில் விளக்கு வேண்டாம். மிஞ்சினால் சுவருக்குச் சுண்ணாம்பு. தரை காத்திருக்கட்டும். (திண்ணையை இடித்துக் கிரில் போடும் கொடுமையைப் பிறகு எழுதுகிறேன்.)

என் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு டைல்ஸ் பதித்தார். இப்போது பக்கத்து வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்கிறார்.